ஒன்பதாம் எண் கோட்டு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது எனக்கு நடந்தது.

சாவிடமிருந்து மூன்று முறை தப்பியவன் நான். லாரி மோதியதையும் காய்ச்சலில் கிடந்ததையும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வேன். மூன்றாவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கம்.

மீன் பெட்டிகளை அடுக்கும் குளிர்கிடங்கில் அப்போது எனக்கு வேலை. உள்ளே போகிறவன் தன் எண் வில்லையைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் மேஸ்திரி விளக்கை அணைத்துப் பூட்டிவிடுவார். அன்று ஒரே ஒரு பெட்டிதானே என்று வில்லையை மாட்டாமல், கோட்டும் போடாமல் உள்ளே போனேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன?

மதியம் 1.05. டப்... கதவு சாத்தப்பட்டது. இருட்டு. கதவருகே இருந்த அபாய மணியை அழுத்தினேன். அடிக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. கைக்கடிகாரத்தின் முட்கள் மட்டும் மின்னின.

1.30. பக்கத்தில் ஒரு குரல்.

"கோட்டு இல்லாமயா வந்தே, தம்பி?"

"யாரு?"

"நானும் மாட்டிக்கிட்டேன். இந்தா, போட்டுக்க. மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்."

வாங்கிப் போட்டுக்கொண்டேன். உயிர் வந்தது. இருவரும் நடந்தோம். என் காலடியில் உறைபனி நொறுங்கியது. அவர் காலடியில் சத்தமே இல்லை... அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

1.50.

"தம்பி... இப்ப குடு."

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று மனம் நியாயம் பேசியது. பொத்தான்களை மாட்டிக்கொண்டேன்.

2.05.

"தம்பி... எனக்குப் பிள்ளைங்க இருக்கு..."

பெட்டிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

கடகடகட... பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

2.20. அதுவும் நின்றது.

2.40. கதவு திறந்தது. விழுந்தடித்து ஓடினேன்.

"உள்ள வேற யாராவது?" என்றார் மேஸ்திரி.

"இல்ல."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவர் உயிரோடு வெளியே வந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பத்து நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை. அழுதுகொண்டே, இன்னொருவர் உள்ளே இருக்கிறார், கோட்டு அவருடையது என்றேன். பதறிப்போய்த் திறந்தார்கள். விளக்கைப் போட்டுப் பெட்டி பெட்டியாக விலக்கிப் பார்த்தார்கள். யாருமில்லை.

மேஸ்திரி நான் போட்டிருந்த கோட்டைப் பிடித்துக் கழுத்துப்பட்டையைத் திருப்பினார். சிவப்பில் 9. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே அறையில ஒருத்தன் உறைஞ்சு செத்தான். நீ அப்ப வேலைக்கே சேரல. கோட்டோடதான் உள்ள போனான், நான் பார்த்தேன். தூக்கும்போது உடம்புல கோட்டு இல்ல. எங்க தேடியும் கிடைக்கல. அந்தக் குளிர்ல ஏன்டா கழட்டினான்? இன்னிக்கு வரைக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. கோட்டை எனக்குக் கொடுக்கத்தான் கழட்டினார். அவர் அதைத் திருப்பிக் கேட்டார் என்பதை மட்டும் மேஸ்திரியிடம் நான் சொல்லவில்லை.