துணியை எடுத்த பிறகும் மாறாத சத்தம்

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். டீ கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் அப்படி. கோபம் வந்தாலும் ‘ங்க’ போடாமல் பேச மாட்டார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். எனக்கு அந்தப் பக்குவம் கிடையாது. திருப்பூரில் ஹோம் தியேட்டர் மாட்டி மாட்டியே தலை நரைத்துவிட்டது. மனதில் பட்டதை அப்படியே சொல்லி இழந்த கஸ்டமர்கள் நிறைய. அந்த வீட்டில் நான் சொன்னது மட்டும் வீண் போகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

தானே மாட்டிக்கொள்கிறவர்கள்

நீங்கள் போகிற வீடுகளில் பாதி, யாராவது ஏற்கெனவே கை வைத்த வீடாகத்தான் இருக்கும். முதல் ரகத்துக்காரர் பெட்டியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கரையும் டிவி ஷோகேஸில் வரிசையாக அடுக்கிவிடுவார். பின்னால் வைக்க வேண்டிய ஸ்பீக்கரும் முன்னால்தான் இருக்கும். ஏன் என்று கேட்டால், “ஒயர் காலுல தட்டுதுங்க” என்பார். இவரோடு சண்டை போடாதீர்கள். தனக்குத் தெரியாது என்பது இவருக்கே தெரியும். சொன்னால் கேட்டுக்கொள்வார்.

இரண்டாம் ரகம்தான் என் ரத்தக் கொதிப்புக்குக் காரணம். யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு நம்மிடம் வகுப்பு எடுப்பார். நல்லூரில் ஒருவர் சப் ஊஃபரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, பேஸ் உடம்பில் இறங்குகிறது என்றார். “உடம்புல இறங்குதது இருக்கட்டும், கட்டில் ஆணி கழண்டு வெளிய வருதே, பாத்தீயளா?” என்று கேட்டேன். அதோடு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் ரகம் அபூர்வம். கையில் டேப், ஸ்டாண்டில் அளவு மைக், லேப்டாப்பில் கிராஃப். உட்காருகிற இடத்தில் மைக்கை வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் எந்தச் சுருதியில் எவ்வளவு கொடுக்கிறது என்று கோடு போட்டுப் பார்ப்பார். நான் காதை நம்பி வேலை செய்கிறவன். இவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

என்னை வெளியே அனுப்பிய துரைசாமி இந்த மூன்றாம் ரகம்.

டப்பிங் படம்

துரைசாமி நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். பனியன் துணி நெய்கிற வட்ட மெஷின்கள். சின்ன வயதில் அதே மாதிரி ஒரு ஷெட்டில் ஃபிட்டராக நின்றவர். புது வீடு கட்டியபோது மாடியில் ஒரு அறையைத் தியேட்டருக்கென்றே ஒதுக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் மெஷின் ஓடாது, அன்றைக்காவது மனைவி, மகளோடு சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாவற்றையும் தானே மாட்டினார். வேலையில் நான் குறை சொல்ல இடமே இல்லை. குறை சொல்லத்தான் தேடினேன்.

ஆனால் அறையில் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். மனைவி சாந்தாமணியும் மகளும் கீழே சமையலறையில் போனில் படம் பார்த்தார்கள். அவர் வைக்கிற சத்தம் அவர்களுக்குத் தாங்கவில்லை. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

“டயலாக் புடிபடறதில்லீங்க அண்ணாச்சி. சென்டர் ஸ்பீக்கரையே மாத்திப் பார்த்துட்டனுங்க. ட்ரெபிளை ஏத்திப் பார்த்துட்டேன். சவுண்டு கூட்டுனா இவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. இதையும் சரி பண்ண முடியலீன்னா ரூமையே கலைச்சுப்போட்டு நூல் பெட்டி அடுக்கிப்போடலாம்னு இருக்கறேன்.”

“எல்லாப் படத்துலயும் இப்படித்தானா?”

“தமிழ்ப் படம் பரவால்லீங்க. டப்பிங் படந்தான் சுத்தமாப் புரியறதில்லை.”

அதை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்கிரீனுக்குக் கீழே மரச்சட்டம் அடித்து, முன் ஸ்பீக்கர்களை அதற்குள் வைத்துக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார். பின்னால் ஒயரைப் பார்க்க நான் சட்டத்துக்குள் தலையை விட்டேன். அங்கிருந்து எதைக் கேட்டாலும் அவர் “என்னங்க?” என்றார். தலையை வெளியே நீட்டிக் கேட்டால் பதில் டக்கென்று வந்தது.

துணி

துணியைத் தொட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் மெல்லிய, காற்றுப் போகிற துணிதான் போட வேண்டும். இவர் போட்டிருந்தது ஃபிளீஸ். குளிர்நாட்டுக்கு ஸ்வெட் ஷர்ட் தைக்கிற கனமான துணி, உள்பக்கம் பஞ்சு மாதிரி பிரஷ் பண்ணியது. ஊசிக் குரலையெல்லாம் அது விழுங்கிவிடும்.

“இது யாரு போடச் சொன்னது?”

“எம்பட மெஷின்ல ஓட்டுனதுங்க. ஏ கிரேடு. அந்தக் கனத்துக்கு, அந்த ஜிஎஸ்எம்முக்கு அப்படியொரு துணி இந்த ஊருல கெடைக்காதுங்க.”

“சட்டைக்கு நல்ல துணிதான். ஸ்பீக்கருக்குக் குளிரவா செய்யுது? கிராஃப் எடுத்தீயளே, துணி போட்டுட்டா எடுத்தீய?”

“இல்லீங்க, அதுக்கு முன்னால. துணி கடைசிலதான மாட்டுனது.”

அளந்தது ஒன்று, கேட்பது வேறொன்று. இந்தத் தப்பைச் செய்ய வேறு ஊரில் ஆள் கிடைக்காது. தன் மெஷினில் நெய்த துணி கெடுதல் செய்யும் என்று நெருப்பெரிச்சலில் எவனும் நினைக்க மாட்டான்.

கோளாறு கிடைத்துவிட்டது என்று துணியைக் கழற்றிப் போட்டேன். அவர் கேட்டுப் புரியாத டப்பிங் படத்தையே மறுபடி ஓடவிட்டேன். ட்ரெபிள் அவர் ஏற்றிவைத்த இடத்திலேயே இருந்தது. இப்போது தடுக்கத் துணி இல்லை. அந்தச் சத்தத்தில் எனக்கே பல் கூசியது.

“இப்ப எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்குதுங்க” என்றார் துரைசாமி. “நாந்தான் சொன்னேன்ல, துணில ஒண்ணும் குத்தமில்லைன்னு.”

டீ கொண்டுவந்த சாந்தாமணி தட்டை அவசரமாகக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“கொறைங்க அண்ணாச்சி. காதுக்குள்ள ஊசி எறக்குறாப்புல இருக்குது.”

துரைசாமி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பியிருப்பார்கள். நான் சொல்லிவிட்டேன்.

“ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல. கோளாறு உங்க காதுல இருக்கு. இத்தனை வருசம் மெஷின் பக்கத்துல நின்னீயள்லா, அது தின்னுட்டு. நீங்க காதால கேக்கல, வாயைப் பாத்துக் கேக்கீய. டப்பிங் படத்துல வாய் ஒட்டாது. அதான் புரியல.”

அவர் முகம் கறுத்துப் போனது.

“எம்பட காதைப் பார்க்க உங்களைக் கூப்புடலீங்க அண்ணாச்சி. டீ ஆறுது. குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

குடித்தேன். கிளம்பினேன். கேட் வரை வந்த சாந்தாமணி தாழ்ந்த குரலில் சொன்னார்: “எனக்குத் தெரியுமுங்க. சமையக்கட்டுல இருந்து அவரைக் கூப்புடறதையே உட்டுட்டேன். முன்னால வந்து நின்னுதான் பேசுவேன். சொன்னா சங்கடப்படுவாருன்னு யாருமே சொல்லலீங்க.”

டீ குடிக்கிறீங்களா

ஒரு மழைக்காலம் போயிருக்கும். துரைசாமி என் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தார்.

“ஏனுங்க, உங்க கடை ஃபேன் இப்படிக் கத்துது. ஒரு சொட்டு ஆயில் உடக்கூடாதா?”

காதுக்குப் பின்னால் சின்னதாக மெஷின் மாட்டியிருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன். காட்டிக்கொள்ளாமல், “விக்காமக் கெடந்த ஃபேன், அதான் நமக்கே மாட்டிக்கிட்டேன்” என்றேன்.

“இந்த மெஷினை மாட்டிக்கிட்டு அந்த ட்ரெபிளைக் கேட்டுப்போட்டு எனக்கே ஆத்தரமா வந்துச்சுங்க. அந்தச் சத்தத்தை வெச்சுக்கிட்டா அவங்களை உக்காரச் சொன்னேன்? மறுபடி செட் பண்ணோணும். நீங்க வரோணும்.”

போனேன். சட்டத்துக்கென்றே மெல்லிய சிங்கிள் ஜெர்சி துணியைத் தன் மெஷினில் ஓட்டி வைத்திருந்தார். இந்த முறை துணியை மாட்டிய பிறகு மைக் வைத்தார். கோடு நேராக வந்தது. நான் கேட்டுப் பார்த்துவிட்டு, மேல் சுருதி கொஞ்சம் குறைகிறது, ஏற்றுங்கள் என்றேன்.

“கிராஃப்ல சரியா இருக்குதுங்களே.”

“கிராஃப் கெடக்கட்டும். என் காது சொல்லுது.”

அவர் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “சரியா இருக்குதுப்பா, ஏத்தாதீங்க” என்றாள் அவள். துரைசாமி லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, டீ குடிக்கறீங்களா?”

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் அவரே காரில் கூட்டிக்கொண்டு போய் அவருடைய காது டாக்டரிடம் என்னை உட்காரவைத்தார். எனக்கும் மேல் சுருதி குறைய ஆரம்பித்திருந்தது. சுவரில் டிரில் போட்டதும், கடையில் முழுச் சத்தம் வைத்துக் காட்டியதும் செய்த வேலை. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இப்போது காதில் அடைப்பான் வைக்காமல் டிரில்லைத் தொடுவதில்லை. காதை விற்றுப் பிழைக்கிற எனக்கு அந்த மனிதர் செய்தது சின்ன உதவி இல்லை.

மைக்கும் வாங்கிவிட்டேன். எந்த மூன்றாம் ரகத்தைப் பார்த்துச் சிரித்தேனோ, அதே மாதிரி டேப்பும் ஸ்டாண்டுமாகப் போகிறேன். துரைசாமிதான் முதலில் பழக்கிவிட்டார். தானே மாட்டிக்கொள்கிற ஆட்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவர்கள் கெடுத்ததைச் சரி செய்யப் போய்க் கற்றது.

வேலை முடிந்ததும் நான் செய்கிற ஒன்றை நீங்களும் செய்யுங்கள். படத்தை நிறுத்திவிடுங்கள். ஒயரைச் சுருட்டுகிற மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சாதாரணக் குரலில், “டயலாக் தெளிவா இருக்குதுங்களா?” என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். பதில் வந்தால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். “என்னங்க?” என்று வந்தால் கிளம்பாதீர்கள். ஒரு டீ கேளுங்கள். அது வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.