பேப்பரில் செத்துப்போனவர்

என் மகளை என்னோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குக் கூட்டிக்கொண்டு போக அவள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பிள்ளை முழுக்க என் பொறுப்பு என்று ஈப்போ கோர்ட் சொல்ல வேண்டும். அந்த மனுசனோ பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகும்போதே காணாமல் போனவர். ஜொகூர் என்றார்கள், இந்தோனேசியாவில் பத்தாம் தீவு என்றார்கள். ஒரு போன்கூடக் கிடையாது. நான் பெர்த்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்ய, மகள் மலேசியாவில், ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள்.

ஆள் கிடைக்காவிட்டால், இப்படிக் கேஸ் இருக்கிறது என்று பேப்பரில் நோட்டீஸ் போட வேண்டும் என்றார் என் லாயரம்மா. தூங்குகிறவரை நாமே தட்டி எழுப்புகிற மாதிரி அல்லவா இது? "அவர் வந்து, பிள்ளை எனக்குத்தான் வேணும்னு நின்னா?" என்று கேட்டேன்.

"வரட்டுமே, பாத்துக்கலாம்லா," என்றார். அவருக்கென்ன, அவர் பெற்ற பிள்ளையா?

லீவு எடுத்து ஈப்போ வந்தேன். நான் வந்த மறுநாள் நோட்டீஸ் வந்தது. தமிழ்ப் பேப்பரில், ஆனால் மலாய் மொழியில், கண்ணீர் அஞ்சலிப் படங்களுக்கு நடுவே ஒரு கட்டம். அவர் பெயர், அவர் அப்பா பெயர், சுங்கை சிப்புட் பக்கம் அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் பெயர். அந்தப் பக்கத்தில் பெயர் வந்தால் எங்கள் சனங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அதில் மலாயை யார் உட்கார்ந்து படிப்பது? தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ படமெடுத்துப் போட, கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்து, வரிசை வீடுகளாக இருந்த லயத்தை இடித்து, ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டாலும், சாவு என்றால் எல்லாரும் கூடிவிடுவார்கள்.

அடுத்த நாள் காலையிலேயே இரண்டு அக்காமார் அழுதுகொண்டே வாசலுக்கு வந்தார்கள். அவரோடு ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள். என்னைக் கட்டிப்பிடித்து ஒரே ஒப்பாரி.

"ஐயோ, அவர் சாகலக்கா!" என்று கத்துகிறேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். ஒருவர் என் நெற்றிப் பொட்டையே முறைத்துப் பார்த்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டு, போயிட்டு வாரேன் என்றும் சொல்லாமல், துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற முறைப்படியே எழுந்து போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர்களுக்கே எட்டிவிட்டதென்றால் அவருக்கு எட்ட எவ்வளவு நேரம்?

அன்று மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடினேன். கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். அக்கா திட்டியும் திறக்கவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவர்தான்.

"ஏய், நான் செத்துட்டேன்னு பேப்பர்ல போட்டியா? முதலாளி கூப்பிட்டுக் கேக்குறாரு! எனக்குக் கருமாதி எப்பன்னு கேக்குறானுங்க!"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிள்ளை எங்கே, பிள்ளையைக் கொடு. இதோ கேட்கப்போகிறார், இதோ கேட்கப்போகிறார். அவரோ இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு, "என்ன கேஸ் வேணும்னாலும் போட்டுக்க, ஆள விடு," என்று வைத்துவிட்டார். பிள்ளை என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

அப்பாடா, தப்பித்தேன் என்று உட்கார்ந்தேன். கூடவே பற்றிக்கொண்டு வந்தது. பாவி மனுசா, நல்லா இருக்காளான்னு ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

"அப்பாவாம்மா?" மகள் கதவோரம் நின்றிருந்தாள். "என்னைக் கேட்டாரா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கேட்டாரும்மா. எப்படி இருக்கான்னு கேட்டாரு."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்படின்னா நான் பெர்த்துக்கு வரலம்மா. யார்கூட இருக்கணும்னு ஜட்ஜ் கேட்டா, அப்பாகூடன்னு சொல்லிடுறேன்."