காண்டாமிருகம் செத்த காரணம்

ஆக்லாந்து விமான நிலையம், 1988. விலங்குப் பொருள் ஏதும் கொண்டுவருகிறீர்களா என்று படிவம் கேட்டது. ஆம் என்று குறித்துத் தொலைத்துவிட்டேன். அமெரிக்காவில் எரிமலைச் சாம்பல் படுகையிலிருந்து நானே தோண்டியெடுத்த காண்டாமிருகப் பல் என் பையில் இருக்கிறது. நாளைக் காலை இங்கே ஒரு கருத்தரங்கில் அதைக் காட்டித்தான் நான் பேச வேண்டும்.

சோதனை மேசையில் நிற்கும் அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். பாஸ்போர்ட்டில் என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறுகிறார்.

"மிருகம் செத்து எவ்வளவு காலம், ஐயா?"

"ஒரு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு."

முகம் மாறாமல் எழுதிக்கொள்கிறார். "எப்பிடிச் செத்தது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் யாருமே என்னிடம் இதைக் கேட்டதில்லை. எரிமலை வெடித்ததையும், சாம்பலை மூச்சில் இழுத்து நுரையீரல் கெட்டு மந்தையே மடிந்ததையும் விவரமாகச் சொல்கிறேன்.

பேனா நிற்கிறது. "முழு மந்தையுமோ? நுரையீரல் நோயிலயோ?"

"ஆமா. ஆனா அது தொத்தாது."

"ஓம், விளங்குது. ஆனா இது ஆடு மாட்டை நம்பியிருக்கிற நாடு. நாப்பது நாள் வச்சுப் பாத்திட்டு, ஒண்டும் இல்லையெண்டாத் தாறம்."

பல்லுக்கு ரசீது எழுதித் தருகிறார். பிறகு என் பையிலிருந்த சிறு பொட்டலத்தைப் பிரிக்கிறார். திருநீறு. கண்ணை மூடி நெற்றியில் பூசிக்கொண்டு, பொட்டலத்தைப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

அது பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்த சாம்பல். வாய்வரை வந்த விளக்கத்தை விழுங்கிக்கொண்டு வெளியே நடக்கிறேன்.