பரம்பரை என்ற ஒரு சொல்

ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டை விட்டு பிரேமினி கிளம்பியது 2023 தைப்பொங்கலுக்கு மறுநாள். அவள் பையோடு படியிறங்க, மாமியார் காளியாயி வாசலில் நின்று லயம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"பரம்பரை நோயாம். கண்டியில எழுதிக் குடுத்திருக்கான். இவ ஆத்தாளுக்கும் இருந்திருக்கும். மூடி மறைச்சி எம் மவன் தலையில கட்டிட்டாளுங்க."

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லைங்க அத்த."

"அப்ப ரிப்போர்ட்டு பொய் சொல்லுதா?"

கணவன் லோஜன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தவன் நிமிரவேயில்லை.

கடைவாய்ப் பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாள் ரத்தம் நிற்காததால்தான் அந்தப் பரிசோதனை. ரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒன்று குறைவு, பரம்பரையாக வருவது என்று முடிவு வந்தது. படிக்கத் தெரியாத காளியாயி, மகன் வாசித்ததில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகலையில் தாய்வீட்டுக்கு வந்த பிரேமினி கொழுந்து எடுக்கப் போனாள். பேச்சு அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேநீரைக் குடித்து முடித்து, "பரம்பரை எப்படிங்க?" என்று கேட்டார்கள். மறுபடி வரவில்லை. லோஜன் இனி பிரேமினிக்கு வேண்டாம். காளியாயி அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே விழுங்க வேண்டும், அது போதும்.

மறு வருடம், அவளோடு பள்ளியில் படித்த நான் ஊர் திரும்பியதும் அவளுக்குத் துணையாகக் கண்டிக்குப் போனேன். பழைய முடிவைக் கொடுத்த ஆய்வுகூடத்திலேயே ரத்தம் எடுத்தார்கள்; இரண்டு மாதம் கழித்து மீண்டும் எடுத்தார்கள். இரண்டிலும் குறையில்லை. அங்கே வேலை செய்யும் ஹப்ஸா பழைய தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"போன தடவ ரத்தம் எப்படி வந்துச்சி?"

"ராகலையில எடுத்து எங்க வீட்டுக்காரருதான் கொண்டாந்தாரு மிஸ். கெட்டுப்போயிரும்னு அஸ்லம் நானாவோட மீன் கடையில பெட்டி வாங்கி, ஐஸ் போட்டு."

"ஐஸு மீனுக்குத்தான் சரி. இந்த ரத்தத்த அதுல வெச்சா அந்தப் புரதம் கொறச்சிக் காட்டும். பல்லுப் புடுங்குனா சில பேருக்கு நோய் இல்லாமயும் ரத்தம் நிக்காது. ஒங்களுக்கு அந்த நோய் இல்ல."

பிரேமினி, "அத எழுதிக் குடுங்க" என்றாள்.

பஸ்ஸிலேயே தாளைப் படமெடுத்து, காளியாயியிடம் வாசித்துக் காட்டும்படி லோஜனுக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தன.

பதினோரு மாதம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது.

"அம்மா ஒரிஜினல கேக்குறாங்க. போன்ல வர்ற போட்டோவ யாரு வேணும்னாலும் மாத்தலாமாம்."