காருக்கு அடியில் ஒரு சிவப்புக் கறை

வீடு தேடிப் போய்க் கார் பழுது பார்ப்பவனுக்கு, வண்டியின் கோளாறைவிட வீட்டுக்காரர் முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்பை மாற்றுவதுதான் பெரிய வேலை. இதே பிழைப்பில் அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

யாருடைய கை?

அதியன்னூரில் ஒரு வீடு. சுரேஷ் மறுநாள் வளைகுடாவுக்குத் திரும்புகிறார். மனைவி பிந்து காட்டாக்கடைப் பள்ளியில் டீச்சர். இனி பஸ்ஸில் தொங்காமல் காரிலேயே போகலாம் என்று லைசென்சும் எடுத்துவிட்டார். ஆனால் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து ஸ்டீயரிங் திரும்பவே மறுக்கிறது. அதனால் காரை விற்பதென்று சுரேஷ் முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் வாங்க ஆள் வருகிறது. அதற்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லி என்னை அழைத்தது பிந்துதான். சுரேஷ் தானும் திருப்பிப் பார்த்து மூச்சு வாங்கினாராம், பிந்து பிறகு சொன்னது. அதை மட்டும் மறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மக்கா, இவளுக்க கைக்குப் பெலம் இல்ல, அதாக்கும்."

பூஜை மிச்சம்

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையெல்லாம் சிவப்பு. பூஜையன்று ஊற்றிய ஆரத்தி என்றார்கள். தொட்டுப் பார்த்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் என்றால் இத்தனை நாளில் காய்ந்திருக்கும். இது விரலில் வழுக்கியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பானெட்டைத் திறந்தால், சிவப்பான பவர் ஸ்டீயரிங் எண்ணெய் நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் விரிசல். அந்த எண்ணெய் ஒழுகிப் போனால் ஸ்டீயரிங் இறுகத்தானே செய்யும்! இத்தனை நாளாக யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டேன். பிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்:

"ஆரத்திய மிதிக்கப்பிடாதுல்லா அண்ணே, நாங்க அந்தப் பக்கமே போவல்ல."

இடமும் வலமும்

பனச்சமூட்டுக்கு ஓடிப்போய்ப் புது டப்பா வாங்கி வந்தேன். பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்து, குழாய்களைக் கழற்றி, புதியதை மாட்டி எண்ணெய் நிரப்பினேன். உள்ளே புகுந்த காற்று வெளியேற வேண்டுமே! முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, பிந்துவை ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னேன். டப்பாவில் குமிழி நின்றதும் சொல்வது சுரேஷின் வேலை. நின்றது. வண்டியை இறக்கி ஸ்டார்ட் செய்ததும் பிந்து ஒற்றை விரலால் திருப்பிக் காட்டினார். நான் கை தட்டியே விட்டேன். சுரேஷ் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாங்குகிறவர் கேட்டில் வந்து நின்றார். பிந்து இறங்கவில்லை:

"விக்க வண்டி இல்ல சேட்டா. காட்டாக்கட வரைக்கும் போணும்னா ஏறுங்க, நான் கொண்டு விடுதேன்."

இப்போதெல்லாம் அந்த வீட்டில் ஆரத்தியைக் கேட்டுக்கு வெளியில்தான் ஊற்றுகிறார்களாம், எண்ணெய் ஒழுகினால் அது எண்ணெய் என்றே தெரியட்டும் என்று.