எங்கள் காலனியின் பச்சைத் தண்ணீர்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் வாசகர்கள், தயவுசெய்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும். இந்த வாரம் விஷயம் கொஞ்சம் அப்படி இப்படித்தான்.

சில மாதம் முன்பு ஒரு காலை, கையில் சின்ன டப்பாவோடு லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். டப்பாவுக்குள் என்ன என்று கேட்காதீர்கள். கேட்காமலே தெரிந்திருக்கும். அந்த நேரம் பார்த்தா ஒரு வாசகி வர வேண்டும்?

"மேடம், உங்க பத்தியை ஒரு வாரம்கூட விட மாட்டேன். ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டோம். படத்தில் நான் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பயங்கரமாகச் சிரிக்கிறேன்.

வயிறு கொஞ்ச காலமாகவே சரியில்லை. உப்புசம். அழுகின முட்டை வாடையில் ஏப்பம். அப்புறம் ஓட்டம்... நடையல்ல, ஓட்டம். ஒரு இலக்கியக் கூட்டத்தில் பேச்சாளர் பாதியில் இருக்கும்போதே மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டேன். கருத்து வேறுபாட்டால் வெளிநடப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "ஜியார்டியா" என்றார். கேட்க ஏதோ இத்தாலிப் பலகாரம் மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாம். பெரும்பாலும் தண்ணீரோடு உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு, நம் சாப்பாட்டில் பங்கு கேட்குமாம். மாத்திரை கொடுத்தார். போனது. கொஞ்ச நாளில் — பஸ்ஸைத் தவறவிட்ட சொந்தக்காரர் மாதிரி — பெட்டியோடு திரும்பி வந்தது.

விசாரித்தால், காலனியில் பாதி வீட்டில் இதே கதை.

எங்கள் காலனி சேரன்மகாதேவி ரோட்டில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. ஆற்றோரம் எங்களுக்கென்று ஒரு உறைகிணறு. அங்கிருந்து குழாய் வழியாகத் தரைத்தொட்டி, தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டி, அதிலிருந்து வீடுகளுக்கு. இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் தலைவர் செல்லையா அண்ணாச்சி. "இது தாமிரபரணித் தண்ணி. குடிச்சா இருக்கிற வியாதியும் ஓடிரும்" என்று காலனிச் சங்கக் கூட்டம் தவறாமல் சொல்வார். ஆற்றையே அவர்தான் பாபநாசத்தில் போய்த் திறந்துவிட்டு வந்தது போல முகத்தில் ஒரு பெருமிதம்.

ஆக, தண்ணீர் குற்றவாளியாக இருக்க முடியாது. அப்படியானால் யார்?

சுலைமான் பாய்தான். வேறு யார்?

காலனி முக்கில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். மேலப்பாளையத்துக்காரர். பல வருஷம் ஷார்ஜாவில் ஓட்டல் அடுப்படியில் நின்றுவிட்டு, பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று திரும்பி வந்து கடை போட்டவர். காலனி வாட்ஸப் குழுவில் அண்ணாச்சி அறிவித்தார்: 'முக்குக் கடையில் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறு. காலனிவாசிகள் தவிர்க்கவும்.' கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். ஆதாரம் என்ன என்று ஒரு கைகூடக் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் வாக்கிங் போகும்போது பார்த்தேன். பிசைந்து உருட்டிய மாவு தட்டு நிறைய அப்படியே இருந்தது. பெஞ்சில் ஆளில்லை.

"என்ன பாய், கூட்டத்தைக் காணோம்?"

"கூட்டமாக்கா? ஈகூட நம்ம கடையைத் தாண்டிப் போயிருது. அதுவும் குரூப்புல இருக்கும்போல."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "மச்சான் திரும்ப ஷார்ஜாவுக்கு வரச் சொல்லுதான். விசாவுக்குச் சொல்லியாச்சு. கடைசிப் பிள்ளை இப்பதான் என்னை வாப்பான்னு கூப்பிடப் பழகியிருக்கான்..." என்றார். கல்லில் கிடந்த ஒரே ஒரு பரோட்டா கருகிக்கொண்டிருந்தது. அவர் திருப்பிப் போடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. சர்க்கரை வந்த நாளிலிருந்து எனக்கு மைதா தடை. பாய் கடைப் பரோட்டாவை ரோட்டிலிருந்து மோந்து பார்ப்பதோடு சரி. மோந்து பார்த்தாலே ஜியார்டியா வந்துவிடுமா? அப்படியென்றால், பாய்க்குச் சாதகமான ஒரே சாட்சி என் வயிறுதான்!

ஜெனிஃபருக்கு போன் போட்டேன். சிநேகிதியின் மகள். உவரிப் பெண். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில், தண்ணீரில் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சித்தி, எல்லாரும் உங்க வயித்தைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கிய. தண்ணியை யாரு டெஸ்ட் பண்ணுனா? அது எங்கன வழியா வருதுன்னு தெரியாம எத்தனை தடவைதான் விரட்டுவிய?"

மறுநாளே பம்பும் குழாயும் வடிகட்டியுமாக வந்து இறங்கினாள். ஒரு பாட்டில் தண்ணீர் போதாதாம். அண்டா அண்டாவாக வடிகட்டிக்குள் செலுத்தி, அதில் தங்குவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். உறைகிணறு, தரைத்தொட்டி, மேல்தொட்டி, என் வீட்டுக் குழாய், பாய் கடைக் குடிதண்ணீர் அண்டா — எல்லாவற்றிலும் எடுத்தாள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"யாரும்மா நீ? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. குளோரின் தவறாமப் போடுதோம். இதுல என்னத்தத் தேடுத?"

"சார், இந்தப் பூச்சி மேல கெட்டியா ஒரு ஓடு போத்திக்கிட்டு இருக்கும். நீங்க போடுற குளோரினுக்கு லேசுல சாகாது."

"தாமிரபரணியில பூச்சியா? சொல்லுத வாய் அவிஞ்சிரும், ஆமா."

ஜெனிஃபர் பம்பை ஓட விட்டாள்.

சில நாளில் போன் வந்தது. பாய் கடை அண்டாவில் ஒன்றும் இல்லை; அவர் காய்ச்சி ஆற்றித்தான் வைப்பாராம். உறைகிணற்றிலும் இல்லை. தரைத்தொட்டியில் இருக்கிறது. அங்கிருந்து என் வீட்டுக் குழாய் வரை இருக்கிறது. அதாவது, தாமிரபரணி எங்கள் காலனிக்கு நல்லபடியாகத்தான் வந்து சேருகிறாள். வந்த பிறகுதான் என்னவோ ஆகிறது.

தரைத்தொட்டியை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி வீடு. மாடி கட்டியபோது சுவரோரமாகப் புது செப்டிக் டேங்க் போட்டிருந்தார். "கக்கூஸுல சாயம் ஊத்திப் பாத்துருவோம். கசிவு இருந்தா தொட்டித் தண்ணியில கலர் தெரியும்" என்றாள் ஜெனிஃபர். தொட்டி மோட்டாரை நிறுத்தி, யாரும் குழாயைத் திறக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி வாசலில் போய் நின்றோம்.

"எவ்வளவு தைரியம் இருந்தா என் வீட்டுக் கக்கூஸுல வந்து கலர் ஊத்துவேம்பிய!" அண்ணாச்சி கதவை மறித்து நின்றார்.

உள்ளேயிருந்து ராஜாத்தி மதினி வந்தாள். அண்ணாச்சியின் மனைவி. முகம் வாடிக் கிடந்தது. "பைய உள்ள வாங்க தாயி. எனக்கு எந்திரிக்கவே முடியல. இந்த மனுசன் மட்டும் என்ன? கக்கூஸுலதான் குடியிருக்காரு. கௌரவம் பாத்து வெளிய சொல்ல மாட்டாரு."

அண்ணாச்சி நகர்ந்து வழி விட்டார். ஜெனிஃபர் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விட்டாள்.

மறுநாள் காலையில் தரைத்தொட்டி மூடியைத் திறந்தோம். சுற்றிலும் காலனியே நின்றது. காய்ச்சாத தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் என்போம் அல்லவா? எங்கள் தண்ணீர் நிஜமாகவே பச்சை! கிளிப் பச்சை!

ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். எனக்கோ அடக்க முடியாத சிரிப்பு. இத்தனை காலமும் அண்ணாச்சி குடும்பத்தோடு இவ்வளவு நெருக்கமாகப் பழகியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தானே தெரிந்தது!

அண்ணாச்சி தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமாத் தெரியாது" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. பாவம், அவரும் அதைத்தானே குடித்தார்?

ஆனால் ஒன்று. அன்றைக்கே ஆள் வைத்து செப்டிக் டேங்கைக் காலி செய்து மூடினார். தோட்டத்துக் கோடியில் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். தொட்டியின் வெடிப்பை அடைத்து, மொத்தமாகக் கழுவி, ஜெனிஃபர் மறுபடி சோதித்துச் சரி என்கிற வரை காலனிக்கு லாரித் தண்ணீர். அதையும் காய்ச்சித்தான் குடித்தோம். வாட்ஸப் குழுவில், 'முக்குக் கடையில் கோளாறு இல்லை. தொட்டியில் கசிவு' என்று பட்டும் படாமல் போட்டார். அடுத்த நிமிஷம் மதினி போட்டாள்: 'எங்க வீட்டு செப்டிக் டேங்க்தான்.'

இப்போது மழைக்கு முன்னும் பின்னும் ஜெனிஃபர் வந்து தண்ணீர் எடுத்துப் போக சங்கத்தில் ஏற்பாடு. "நல்லா இருக்கிற தண்ணியை எதுக்குத் திரும்பத் திரும்பப் பாக்கணும்?" என்று ஒருவர் கேட்டார். நல்லா இருக்கும்போது பார்க்காவிட்டால், கெட்டுப்போனதை யார் சொல்வது? நம் வயிறுதான் சொல்லும். சோதனைக் கருவியாக வயிற்றை வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தாமிரபரணியைத் தாய் என்கிறோம். சரி. பெற்ற தாய்க்கு சுகர், பிரஷர் பார்ப்பதில்லையா? அது அவளை அவமானப்படுத்துவதா?

நேற்று பாய் கடைப் பக்கம் போனேன். பெஞ்சில் இடமில்லை. ஷார்ஜா விசா வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டாராம். உள்ளே அண்ணாச்சி இலையில் குனிந்து மும்முரமாக இருந்தார். நான் பாயிடம் பைய விசாரித்தேன்.

"அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டாவளா பாய்?"

"மன்னிப்பா? 'பாய், சால்னா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும் வே'ன்னு கேட்டாவ."

"ஊத்துனீயளா?"

"ஊத்தாம? மூணா ஊத்தியாச்சுக்கா."

திருநெல்வேலியில் மன்னிப்புக்கு இதைவிட நல்ல சொல் இருந்தால், வாசகர்கள் எழுதி அனுப்பலாம்.