மத்தியானச் சூட்டில் ஒரு சோதனை

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் என் மனைவி கல்யாண வீடியோக்களை எடிட் செய்வாள். வேலை முடிந்த வீடியோவைக் கணினி ஒரே கோப்பாக்கித் தர ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"புரொசசர ஓவர்கிளாக் பண்ணப் போறன். கம்பனி வெச்ச வேகத்த விடக் கொஞ்சம் கூட ஓட விடுற."

நான் மருந்துக்கடைக்காரன். சூட்டில் மருந்து கெட்டுப்போகும் என்பதால் சூடு என்றாலே எனக்குப் பயம். "எரிஞ்சு போனா என்ன செய்யிற?"

"அந்தளவுக்குச் சூடாகினா அது தானாவே நிண்டுரும். பயப்படாதீங்க."

முதலில் வீடியோக்களை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, கடற்காற்று கொண்டுவந்து ஒட்டிய தூசியைத் தூரிகையால் தட்டினாள். புரொசசர் மேலே காய்ந்து கிடந்த சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு துளி வைத்தாள். வேகத்தை ஒவ்வொரு படியாகத்தான் கூட்டினாள். ஒரு படி கூட்டினால் ஒரு மணித்தியாலம் முழு வேலையும் கொடுத்து ஓடவிட்டு, சூட்டு அளவைப் பார்த்தபடி இருப்பாள். இரண்டு நாள் காலையும் இப்படியே போனது. ஒரு தடவையும் கணினி நிற்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து வந்து பார்த்தால், மருதமுனையில் நடந்த கல்யாணத்தின் வீடியோ பாதியில் நிற்க, திரை முழுக்க நீலம். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"சொல்ல வந்ததச் சொல்லுங்க."

"நான் ஒண்டும் கதைக்கல்லயே."

பிறகு அவளே சொன்னாள். "எல்லாச் சோதனையும் காலையிலதான் செஞ்சன். இந்தத் தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் எவ்வளவு சூடு எண்டு யோசிக்கல்ல."

"புரொசசருக்குப் போற வோல்டேஜக் கூட்டினா இந்த வேகத்துலயும் நிக்காம ஓடும் எண்டு முந்தி சொன்னீங்களே?"

"ஓம், ஓடும். சூடும் சேந்து கூடும். வேணாம்."

இரண்டு படி குறைத்தாள். மறுநாள் லுஹர் முதல் பின்னேரத்து அஸர் தொழுகை வரை, வேண்டுமென்றே ஜன்னல்களைப் பூட்டிவிட்டுச் சோதித்தாள். கடையை அடைத்துவிட்டு நானும் பக்கத்தில் இருந்தேன். வியர்வை கழுத்தில் வழிந்தது. பழைய பேப்பரை மடித்துக் கணினிக்கு விசிறினேன்.

"அதுக்கு ஃபேன் இருக்கு. எனக்கு வீசுங்க" என்றாள்.

பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. கணினி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ஜன்னல்களைத் திறந்தாள்.

ஐந்து மணித்தியால வேலை நாலேகால் ஆனது. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"முக்கால் மணித்தியாலம் உங்களுக்குச் சின்னதா?"

அடுத்த நாள் மருதமுனை வீடியோ தடங்கலில்லாமல் முடிந்தது. சொன்ன நேரத்துக்கு அதை எடுத்துப்போக ஆட்கள் வருவதற்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடந்தது. அவள் பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். ஆட்கள் வந்தபோது நானே டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினேன். அவளை எழுப்ப மனம் வரவில்லை.